கைக்கு இரண்டு குறைவு

கொட்டகையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்து டிவிஷன் கங்காணி இருந்தார். தராசுக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒரே நாற்காலி அவருக்கு. என் மனைவி இருந்தாள். அவள் ரப்பர் பால் வெட்டுகிறவள். அவளுடைய தம்பி இருந்தான். கொழும்பில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை பார்த்தவன், கடையை மூடியதும் எங்களோடு வந்து தங்கினான். கீழ்க் கிராமத்து த்ரீவீல்காரர் இருந்தார். சிங்களவர். எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். பிறகு நான்.

வெளியே மழை.

ரப்பர் மரத்தில் மழையில் கத்தி வைக்க முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் ஓடாது, மரத்தைச் சுற்றி வழிந்துவிடும். சிரட்டையில் தண்ணீர்தான் நிற்கும். ஆனாலும் விடியும்போது ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மழை விட்டு மரம் காய்ந்தால் வெட்டு. காயாவிட்டால் கங்காணி கொஞ்சம் பேரைப் புல் வெட்ட அனுப்புவார், மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். கஹவத்தைப் பக்கத்து மழைக்கு அவசரமே கிடையாது. காத்திருக்கிற நேரத்தில் மற்றவர்கள் சீட்டு ஆடினார்கள். நாங்கள் ஐந்து பேர் பால் நிறுக்கும் கொட்டகையில் ஒரு கதை ஆட்டம் ஆடினோம். மழை நாளில் நிறுக்கப் பால் இல்லை, மேசை சும்மா கிடக்கும்.

கொட்டகை வேலை என்னுடையது. வாளி கழுவுவேன், பால் நிறுப்பேன். முன்பு நானும் வெட்டினேன். ஃபெக்டரியில் ஆள் போதவில்லை என்று ஒரு மாதம் ஷீட் உருட்டும் மெஷினுக்கு அனுப்பினார்கள். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அங்கே போயின. கை ஆறியதும் என் மரங்களைத் திருப்பிக் கேட்டேன். கங்காணி மாட்டேன் என்று சொல்லவில்லை. பார்ப்போம் என்றார். ஒரு வருஷம் பார்த்தோம்.

அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கத்தியை வலது கை இழுக்கும். எவ்வளவு ஆழம் போகிறது என்று இடது கை விரல்தான் பார்க்கும். ஆழம் கூடினால் கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் படும். அது காயம். காயம் பட்ட இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், பிறகு அங்கே வெட்ட முடியாது. தோட்டத்துத் துரை மாதம் ஒரு முறை ஆள் அனுப்பிக் காயத்தை எண்ணுவார். கூடிப்போனால் கேள்வி எனக்கு வராது. கங்காணிக்கு வரும்.

எனக்கு என் மரம் வேண்டும். அவருக்குக் காயம் வேண்டாம். இதுதான் எங்களுக்கு நடுவில் இருந்தது. மற்றபடி நல்ல பழக்கம்.

மச்சினன் கொண்டுவந்த பெட்டியில் ஒரு இங்கிலீஷ் புத்தகமும் கொஞ்சம் தாயக்கட்டைகளும் இருந்தன. பலகை இல்லை, காய் இல்லை. ஒருவன் கதை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கு ஓர் ஆளை உண்டாக்கி அந்தக் கதைக்குள் அனுப்ப வேண்டும். உள்ளே போன ஆள் என்ன செய்கிறான் என்று அனுப்பியவர் சொல்ல வேண்டும். முடியுமா முடியாதா என்கிற இடம் வந்தால் தாயம் போட வேண்டும். கதை நடத்துவது மச்சினன். இங்கிலீஷ் அவனுக்குத்தான் வரும்.

முதல் மழைக்குப் புத்தகத்தில் இருந்த நாட்டைப் படித்துச் சொன்னான். பனி மூடிய நாடு. கல் கோட்டை. ஓநாய். போனில் படம் காட்டினான். முழுக்க வெள்ளையாக இருந்தது. அங்கே என்ன விளையும் என்று கங்காணி கேட்டார். ஒன்றும் விளையாது என்றான் மச்சினன்.

"ஒண்ணும் வெளையாத ஊருக்கு எதுக்குத் தம்பி கோட்டை?" என்றார் கங்காணி.

 நாட்டை மாற்றினோம். மலை வைத்தோம். மலையில் பால் மரம் வைத்தோம். அந்தப் பாலைப் பூசித்தான் ராஜா தன் படகுகளை ஒழுகாமல் வைத்திருக்கிறார், அதனால் மரம் எல்லாம் ராஜாவுடையது. கீழே ஆறு. ஆற்றங்கரையில் மாணிக்கக் குழி. அது த்ரீவீல்காரர் கேட்டு வைத்தது. அவருடைய அண்ணன் குழியில் இறங்குகிறவர். ஓநாயை எடுத்துவிட்டுப் பன்றி விட்டோம். அட்டையை யாரும் கேட்கவில்லை, அது தானாகவே வந்துவிட்டது.

மச்சினன் ஒரு தப்புச் செய்தான். பகல் பன்னிரண்டு மணிக்குக் கொட்டும் மழையில் ராஜாவின் ஆட்கள் மலையில் பால் வெட்டுகிறார்கள் என்று கதையைத் தொடங்கினான். என் மனைவி நிறுத்தச் சொன்னாள். கங்காணியும் நிறுத்தச் சொன்னார். சின்ன வயதிலேயே தோட்டத்தை விட்டுப் போனவன், மறந்திருக்கிறான். மந்திர உலகத்தில் எதுவும் நடக்கும் என்று சொல்லிப் பார்த்தான். மந்திரத்துக்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். அங்கேயும் விடியற்காலை வெட்டுத்தான். அங்கேயும் மழையில் வெட்டுக் கிடையாது. அப்படிப் பார்த்தால் அந்த நாட்டில் ஆட்களுக்கு வேறு காரியம் பார்க்க மழை நாளில்தான் நேரம். எங்கள் கதை முழுதும் மழையிலேயே நடந்தது இதனால்தான்.

மந்திரம் எங்கே என்று த்ரீவீல்காரர் கேட்டார். அவர் அதற்காகத்தான் சேர்ந்தார். மந்திரம் உண்டு, ஆனால் கொஞ்சம்தான், அதுவும் எல்லோருக்கும் வராது, செய்தால் செய்கிறவனிடமிருந்து ஒன்று போய்விடும் என்றான் மச்சினன்.

"அப்ப நம்ம ஊர் மாதிரிதான்" என்றார் த்ரீவீல்காரர். ஆனாலும் தனக்கு ஒன்று வாங்கிக்கொண்டார். கூழாங்கல்லைக் கொஞ்ச நேரம் நீலக்கல்லாகக் காட்டும் மந்திரம். ஒரு தடவைக்கு ஒரு பல் விலை.

பிறகு ஆட்களை உண்டாக்கினோம். வலு, வேகம், கண், கை, பேச்சு என்று ஐந்து. ஆளுக்குப் பதினைந்து புள்ளி. ஐந்துக்கும் பிரித்துக்கொள்ள வேண்டியது. தொழில் ஒன்று எடுக்கலாம். விருப்பமிருந்தால் ஒரு குறையும் எடுக்கலாம். குறை எடுத்தால் மேலே மூன்று புள்ளி கிடைக்கும்.

த்ரீவீல்காரர் கல் வியாபாரியானார். புள்ளியெல்லாம் பேச்சுக்கு. கொடகவெலவுக்கு ஹயர் போகும்போது வாடகைக்குப் பேரம் பேசுகிற அதே பேச்சுத்தான் என்று என் மனைவி சொன்னாள்.

என் மனைவி ஒரு வாள்காரியை உண்டாக்கினாள். வலுவுக்கு ஏழு. பேச்சுக்குச் சைபர். ஏன் அக்கா பேச்சுக்கு ஒன்றுமே போடவில்லை என்று தம்பி கேட்டான்.

"பேசாத மனுசனோட குடும்பம் நடத்துறேன். பழகிருச்சு" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் சிரித்தார்கள்.

கங்காணி திருடனை எடுத்தார். யாருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவரே சொன்னார், ஒரு நாளாவது கணக்கு எழுதாமல் இருந்து பார்க்க வேண்டும் என்று. திருடனாக அவர் கெட்டிக்காரர். யார் எங்கே எதை ஒளிப்பார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அது எப்படி என்று நாங்கள் கேட்கவில்லை. அவரிடம் ஒளித்தவர்கள் நாங்கள்தான்.

நான் பால் வெட்டுகிறவனை எடுத்தேன். புத்தகத்தில் அந்தத் தொழில் இல்லை. போர்வீரன் இருந்தான், வேடன் இருந்தான், வைத்தியன் இருந்தான். மச்சினன் புதிதாக ஒன்று எழுதிச் சேர்த்தான். கத்தி தெரியும், மரம் தெரியும், இருட்டோடு எழும்புவான். சரி என்றேன். குறைக்கு என் கையையே எழுதச் சொன்னேன்.

அவன் எழுதவில்லை. "மச்சான், இது கததானே. பத்து விரலும் போடலாம். யாரும் கேக்க மாட்டாங்க" என்றான்.

"எட்டே போடு. மூணு புள்ளி குடுக்குறாங்கல்ல" என்றேன்.

சும்மா வருகிற புள்ளியை எதற்கு விட வேண்டும்? மூன்றையும் கண்ணுக்குப் போட்டேன். அந்த நாட்டில் தூரத்தில் வருகிற ஆளை முதலில் பார்ப்பது எப்போதும் என் ஆள்தான். ஆனால் புத்தகத்தில் இன்னொரு சட்டம் இருந்தது. விரல் இல்லாதவன் கையால் எது செய்தாலும், போட்ட தாயத்தில் இரண்டைக் குறைக்க வேண்டும்.

இந்த இரண்டுதான் தொந்தரவு.

கயிற்றை அறுக்கப் போனேன். ஒன்பது வேண்டும், பத்து விழுந்தது. இரண்டைக் குறைத்தான், எட்டு. அறுபடவில்லை. மூங்கில் பூட்டைத் திறக்கப் போனேன். அங்கேயும் ஒன்றில் போயிற்று. பன்றிக்குக் கண்ணி வைத்தேன், அதிலும் ஒன்றில் போயிற்று. என் மனைவியின் வாள்காரியைப் பன்றி முட்டிவிட்டது. வீட்டில் அதற்கும் இரண்டு நாள் பேச்சுக் கேட்டேன். பேச்சுக்குச் சைபர் போட்டவள்.

இரண்டு கூடுதல், ஒன்று போதும் என்று மச்சினனிடம் சொன்னேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றான். புத்தகம் எழுதியவருக்கு விரல் எல்லாம் இருந்திருக்கும் என்றேன். அவன் கங்காணியைப் பார்த்தான். நாட்டை மாற்றும்போது எல்லாவற்றுக்கும் கருத்துச் சொன்னவர், இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. தாயக்கட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த மழைக்குத்தான் அது நடந்தது.

கதையில் நாங்கள் மாணிக்கக் குழிகளுக்கு வந்திருந்தோம். த்ரீவீல்காரரின் வியாபாரிக்கு அதற்குள் நாலு பல் போயிருந்தது. இனி வெற்றிலையை இடித்துத்தான் போட வேண்டும் என்று கங்காணி அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். குழி ஓரத்தில் ஒரு வைத்தியன் உட்கார்ந்திருக்கிறான் என்றான் மச்சினன். என் ஆளின் கையைப் பிடித்துப் பார்க்கிறான். மந்திரம் தெரிந்தவன். விரல் இரண்டையும் திரும்ப வரவைப்பான். ஆனால் இந்த நாட்டில் எதுவும் சும்மா வராது. விரல் வந்தால் தொழில் மறந்துபோகும். கத்தியை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாது.

மச்சினன் நல்லவன். எனக்காக யோசித்து வைத்திருக்கிறான் என்று தெரிந்தது. விலை இல்லாமல் கொடுத்தால் மற்றவர்கள் விடமாட்டார்கள் என்று விலையும் வைத்திருக்கிறான்.

த்ரீவீல்காரர் வாங்கச் சொன்னார். விரல் வந்ததும் தன்னோடு கல் வியாபாரத்துக்கு வந்துவிடலாம் என்றார்.  நான் வேண்டாம் என்றேன்.

கங்காணி தாயக்கட்டையை மேசையில் வைத்தார்.

"வாங்கிக்கய்யா. இந்தக் கைக்கு இனிமே அந்தத் தொழில் எதுக்கு?"

கதைக்குள்தான் சொன்னார். திருடன் பால் வெட்டுகிறவனிடம் சொல்வதுபோல. ஆனால் ஐந்து பேருக்கும் தெரியும், அவர் அந்த நாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அவருக்கும் சொன்ன பிறகு தெரிந்தது. தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. த்ரீவீல்காரர் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வருஷமாக அவர் சொல்லாததைச் சொல்லிவிட்டார். சொன்னால் பதில் சொல்லலாம்.

"ரெண்டா ஒண்ணான்னு மரத்துல பாத்துருவோம்ணே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எந்த மரத்தில் என்று கேட்டார். பழைய பிளாக்கில் என்று என் மனைவி சொன்னாள். அந்த மரங்கள் வயது முடிந்தவை. எப்படியும் தறித்து விறகுக்குப் போகப்போகிறவை. அவற்றில் காயம் பட்டால் யாரும் எண்ணமாட்டார்கள். சாயங்காலங்களில் நான் அங்கே போய் வெட்டிப் பழகுவது அவளுக்குத் தெரியும். கங்காணிக்கும் தெரிந்திருக்கும். தோட்டத்தில் எதுவும் அவருக்குத் தெரியாமல் நடக்காது. கேட்டதில்லை, அவ்வளவுதான்.

மச்சினன் அதையும் ஆட்டத்தின் சட்டமாக்கினான். பத்து மரம். காயமே இல்லை என்றால் என் ஆளுக்குக் குறைவும் இல்லை. ஒன்றோ இரண்டோ பட்டால் ஒன்று குறைவு. அதற்கு மேல் போனால் புத்தகம் சொன்ன இரண்டு. யார் பார்த்துச் சொல்வது என்று கேட்டான். கங்காணிதான் என்றேன். வேறு யார் சொன்னாலும் எனக்குப் பிரயோஜனம் இல்லை.

மழை விட்டதும் போனோம். என் மனைவியின் கத்தியை வாங்கிக்கொண்டேன். என்னுடையது தேய்ந்திருந்தது. பட்டை ஈரம். அந்த நேரத்தில் பால் வராது, வெட்டு மட்டும்தான் கணக்கு. ஈரப் பட்டையில் கத்தி வழுக்கும். நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் சாக்காகிவிடும்.

எனக்கு இப்போது ஆழம் பார்ப்பது மோதிர விரல். அதைக் கத்தியின் கழுத்தில் வைத்து, கட்டை விரலால் மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கை கொஞ்சம் திரும்பியிருக்கும். அதனால் காலையும் மற்றவர்களைவிடத் தள்ளி வைக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நாளாயிற்று. விரலைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டேன், காலைச் சரிசெய்தேன், கை தானாக வந்தது.

மூன்று மரம் சுத்தம். நான்காவதில் கத்தி கட்டையைத் தொட்டது. எனக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. கங்காணி வந்து பெருவிரல் நகத்தை வெட்டின் மேல் ஓட்டினார். "ஒண்ணு" என்றார்.

ஏழாவது சந்தேகம். எனக்குப் படவில்லை என்றுதான் தோன்றியது. த்ரீவீல்காரர் குனிந்து பார்த்து, ஒன்றுமில்லை என்றார். கங்காணி திரும்பவும் நகத்தை ஓட்டினார். ஓரிடத்தில் நின்றார். எனக்குக் காட்டினார். நெல் அளவுக்கு வெள்ளை தெரிந்தது. கட்டைதான். அவர் பொய் சொல்லவில்லை.

"ரெண்டு" என்றார்.

எட்டும் ஒன்பதும் சுத்தம். பத்தாவது மரம் கோணல். யாரோ முன்பு வெட்டிக் கெடுத்த மரம், பட்டை மேடும் பள்ளமுமாக இருந்தது. வேறு மரம் எடுக்கச் சொன்னான் மச்சினன். வேண்டாம் என்றேன். துரையின் பிளாக்கிலும் கோணல் மரம் இருக்கிறது, அங்கே மாற்றிக் கேட்க முடியாது. மெதுவாகப் போனேன். மேடு வந்த இடத்தில் கத்தியைத் தூக்கி, பள்ளத்தில் இறக்கினேன். சீவல் அறாமல் ஒரே நீளமாக வந்து கீழே விழுந்தது.

கங்காணி இந்த மரத்தில் வெகு நேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். நகத்தை ஓட்டினார், திரும்ப ஓட்டினார். என் மனைவி மரத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படல" என்றார்.

மச்சினனிடம் திரும்பி, "ஒண்ணு கொறைச்சாப் போதும் தம்பி. பொஸ்தகத்துல திருத்திரு" என்றார்.

த்ரீவீல்காரர் கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. கத்தியைத் துடைத்து மனைவியிடம் கொடுத்தேன். விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மடங்கியிருக்கிறதா என்று. மடங்கவில்லை.

கொட்டகைக்கு வந்து ஆட்டத்தை முடித்தோம். வைத்தியனுக்கு வேண்டாம் என்று பதில் சொன்னேன். அவன் எழுந்து குழிகளுக்கு அந்தப் பக்கம் போய்விட்டதாக மச்சினன் சொன்னான். பிறகு ராஜாவின் ஆட்கள் துரத்தினார்கள். பாலத்துக் கயிற்றை நான் அறுக்க வேண்டும். ஒன்பது வேண்டும். பத்து விழுந்தது. ஒன்றைக் குறைத்தான். பாலம் விழுந்தது, நாங்கள் இந்தப் பக்கம். திருடன் என் ஆளின் தோளில் தட்டினான் என்றார் கங்காணி. அவருடைய கை மேசையில்தான் இருந்தது.

என் மரங்களைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. மரத்தில் பார்த்தாயிற்று, இனி கேட்பதற்கு என்ன இருக்கிறது? வீட்டில் மனைவி கேட்டாள், கங்காணி ஏதாவது சொன்னாரா என்று. சொல்வார் என்றேன். எனக்கு அதில் சந்தேகம் இருக்கவில்லை. அவர் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் மாற்றுகிறவர் இல்லை.

நாலைந்து நாள் மழை நிற்கவில்லை. பிறகு ஒரு காலை வெளுத்தது. மரம் எல்லாம் காய்ந்திருந்தது. பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிட்டார். வெட்டுக்காரர்களைக் கூப்பிட்டு முடித்துவிட்டுக் கொட்டகைக்கு வேறொருவரைச் சொன்னார். பிறகு என் பெயரைச் சொன்னார். ஓடைக்கு மேல் இருக்கும் பிளாக். அதை வெட்டியவர் கேகாலைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், ஆளில்லாமல் கிடந்தது.

முழுதும் தரவில்லை. கீழ்ப்பாதிதான். மேல்பாதியை என் மனைவிக்குச் சேர்த்தார்.

"காயம் பாப்பேன்" என்றார்.

"பாருங்கண்ணே" என்றேன்.

மரங்களுக்குப் பெயின்ட்டில் நம்பர் போட்டிருக்கும். ஆனாலும் நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வெட்டினேன். பால் ஓடியது. ஓடை வரைக்கும் போய்க் கடைசி மரத்தை முடித்துச் சிரட்டையை நிமிர்த்தி வைத்தேன்.

நூற்று முப்பத்திரண்டு.